நேரத்தை மாற்றியது நீங்கள், தண்டனை தொடருக்கா?

சேனலின் நிகழ்ச்சித் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரவு எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த எங்கள் தொடர் அடுத்த வாரத்திலிருந்து பத்தரைக்கு வரும் என்று ப்ரொமோவின் கடைசி நொடிகளில் ஒரு வரி போட்டீர்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அன்றிரவே ரசிகர்களின் பேச்சு மாறிப்போனது. கதாநாயகி அந்தக் கடிதத்தைப் படிப்பாளா மாட்டாளா என்று வாதாடிக்கொண்டிருந்தவர்கள், எண்ட் கார்டு எப்போது போடுவார்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் பதறுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பதற்றத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான காரணம் இருக்கிறது.

'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரை அமெரிக்காவில் என்பிசி சேனல் 1966-இல் தொடங்கியது. இரண்டாவது சீசன் ஓடும்போதே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்ப, ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். 1968 மார்ச்சில் ஒரு எபிசோடு முடிந்த கையோடு, தொடர் நிற்காது என்று சேனலே ஒளிபரப்பில் அறிவித்தது. ரசிகர்கள் ஜெயித்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மூன்றாவது சீசனுக்குக் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அந்தத் தொடரை விரும்பிப் பார்த்த இளைஞர்களில் பலர் வெளியே போயிருக்கும் நேரம் அது. பட்ஜெட்டையும் குறைத்தார்கள். 1969-இல் 79 எபிசோடுகளோடு தொடர் முடிந்தது. அதே எபிசோடுகளை உள்ளூர் நிலையங்கள் வாங்கி, மக்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மறுஒளிபரப்பு செய்தபோது கூட்டம் சேர்ந்தது. 1979-இல் சினிமாவாகவே எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் யாரும் ஒரு காட்சியைக்கூடத் திருத்தி எழுதவில்லை.

இதனால்தான் 'தொடருக்குப் பழைய வரவேற்பு இல்லை' என்று நாளைக்கு நீங்கள் சொல்லப்போகும் வாக்கியத்தை நினைத்து இன்றைக்கே பயப்படுகிறோம். எட்டு மணிக்குப் பார்த்தவர்களில் பலர் பத்தரைக்குப் பார்க்க முடியாது. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மருந்து சாப்பிட்டதும் படுத்துவிடும் முதியவர்கள் எல்லோரும் அதற்குள் தூங்கியிருப்பார்கள். அவர்களுக்குத் தொடர் சலித்துப்போய்விடவில்லை. ஆனால் உங்கள் அட்டவணையில் அவர்கள் விட்டுப்போனவர்கள் என்றே பதிவாவார்கள். அந்த எண்ணைக் காட்டித் தொடரை முடிப்பீர்கள். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதைதான் இது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. விளம்பரம் வந்தால்தான் தொடர் ஓடும். புதிய தொடர் ஒன்றைத் தூக்கிவிட எட்டு மணி தேவைப்பட்டிருக்கலாம். நேரத்தை மாற்றுவதே குற்றம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடரை 1993 பிப்ரவரியில் புதன்கிழமையிலிருந்து வியாழனுக்கு, அப்போது பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருந்த 'சியர்ஸ்' முடிந்த உடனே வரும்படி மாற்றினார்கள். அதன் பிறகுதான் அது உண்மையான பெரிய வெற்றியானது. முன்னால் என்ன ஓடுகிறது என்பது அவ்வளவு முக்கியம். அப்படியானால் கேட்கிறேன்: பத்தரைக்கு முன்னால் எங்கள் தொடருக்குத் துணையாக எதை வைத்திருக்கிறீர்கள்? இதுவரை பார்த்த அட்டவணைப்படி, ஏற்கெனவே ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பை. அதைப் பார்த்துக்கொண்டு பத்தரை வரைக்கும் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

'ஃப்ரிஞ்ச்' தொடரின் கதையையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் ஃபாக்ஸ் அதை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்றியது. வெள்ளி இரவுக்குப் போன தொடர் பிழைக்காது என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. ரசிகர்கள் பயந்ததும் அதனால்தான். ஆனால் சேனல் அந்தப் பயத்தை மூடி மறைக்கவில்லை. வெள்ளி இரவைச் செத்த நேரம் என்று சொல்லும் பேச்சையே எடுத்து ஒரு ப்ரொமோ செய்து, அந்த இரவுக்கு நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று சொன்னது. பார்வையாளர் எண்ணிக்கை பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனாலும் தொடரைக் கைவிடவில்லை. இதுதான் கடைசி சீசன் என்று முன்கூட்டியே சொல்லி 13 எபிசோடுகள் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் நூறாவது எபிசோடோடு, எழுதியவர்கள் முடிக்க விரும்பிய விதத்தில் அது முடிந்தது. நேரமாற்றத்தை நேர்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

எங்களைப் போன்ற ரசிகர்களின் பலம் எவ்வளவு என்பதும் தெரியும். 2007-இல் 'ஜெரிகோ' தொடரை சிபிஎஸ் நிறுத்தியபோது, கடைசி எபிசோடில் வந்த 'நட்ஸ்' என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் இருபது டன்னுக்கும் மேல் கடலையைச் சேனல் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். சேனல் இறங்கி வந்து ஏழு எபிசோடுகள் கொடுத்தது. கூடவே, இன்னும் நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. எண்ணிக்கை ஏறவில்லை. 2008-இல் தொடர் மறுபடியும் நின்றது. இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் ஒன்றை விட்டுவிடுவார்கள்: முதல் சீசனை நடுவில் நிறுத்தி, 2006 நவம்பர் கடைசியிலிருந்து 2007 பிப்ரவரி வரை புதிய எபிசோடே இல்லாமல் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது பழைய பார்வையாளர்களில் ஒரு பெரும் பகுதி திரும்பவில்லை. வாராவாரம் பார்க்கும் பழக்கத்தை முறித்தது அட்டவணை. அதை எத்தனை டன் கடலை அனுப்பியும் ஒட்டவைக்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய சலுகை எதுவுமில்லை. பத்தரை மணிக்கு வரும் எண்ணை எட்டு மணி எண்ணோடு வைத்துப் பார்க்காதீர்கள். அதே பத்தரைக்கு முன்பு ஓடிய நிகழ்ச்சி எவ்வளவு எடுத்தது என்பதோடு வைத்துப் பாருங்கள். அந்த இடத்தை எங்கள் தொடர் உயர்த்தியிருந்தால், அது தேய்கிறது என்று சொல்ல உங்களுக்கு நியாயமில்லை. மாற்றம் நடந்த முதல் ஓரிரு வாரத்து டிஆர்பியை வைத்து முடிவெடுக்காதீர்கள். நேரம் மாறியதே தெரியாமல் எட்டு மணிக்கு டிவியைப் போட்டு ஏமாந்தவர்கள் திரும்பி வர அவகாசம் வேண்டும். எட்டு மணிக்கு இனி ஓடப்போகும் புதிய தொடரின் நடுவிலேயே, எங்கள் தொடர் எப்போது வருகிறது என்று தெளிவான எழுத்தில் தினமும் போடுங்கள். உங்களுக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

'ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று உங்கள் சமூக வலைதளப் பக்கத்தில் பதில் வருகிறது. சரி, பார்க்கிறோம். ஆனால் அப்படிப் பார்ப்பதையும் கணக்கில் சேர்ப்பீர்களா? அமெரிக்காவில் ஒளிபரப்பான மூன்று நாட்களுக்குள் பார்க்கப்படும் விளம்பரங்களையும் எண்ணும் முறை 2007-லேயே வந்துவிட்டது. டிஆர்பியைக் கணக்கிட நீங்கள் நம்பும், மீட்டர் பொருத்திய மாதிரி வீடுகளில் எங்களில் பெரும்பாலோர் வீடு இருக்காது. ஆப்பில் மட்டும்தான் ஒவ்வொருவரின் பார்வையும் உங்களுக்கு நேரடியாகத் தெரிகிறது. எங்களை அங்கே அனுப்பிவைத்துவிட்டு, முடிவெடுக்கும்போது அந்த எண்ணை மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பது எங்களுக்குச் செய்யும் அநியாயம்.

இவ்வளவும் செய்தும் தொடர் தாக்குப்பிடிக்கவில்லை என்றால், முடிக்கத்தான் வேண்டியிருக்கும். அதை ஏற்றுக்கொள்வோம். ஆனால் எத்தனை வாரம் மிச்சம் என்பதை எழுத்தாளர்களுக்கு முன்னதாகச் சொல்லிவிடுங்கள். இத்தனை மாதமாக மெதுவாக வளர்ந்த இரண்டு சகோதரிகளின் பகையை ஒரே எபிசோடில் கட்டிப்பிடித்து அழவைத்துத் தீர்க்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள். முடிவு தேதியை எங்களுக்கும் வெளிப்படையாக அறிவியுங்கள். தேதி தெரிந்தால், விட்டுப்போனவர்களில் பலர் முடிவைப் பார்ப்பதற்காவது திரும்பி வருவார்கள்.

பத்தரை மணி ஒளிபரப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்குள் குறைந்தபட்சம் அந்த அறிவிப்பு வரியையாவது படிக்கும்படி பெரிதாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடரை முதல் எபிசோடிலிருந்து பார்த்துவரும் ரசிகர்