பிஸ்த்ரிக் மேட்டு வீட்டாருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அம்மா, பாட்டி, ஓரகத்தி அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டு அம்மையார், வகுப்பு ஆசிரியை, இன்னும் எனக்குச் சொல் கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். 'ஹ்வாலா' என்று நான் நன்றி சொல்ல வாயெடுத்தாலே 'நேமா நா செமு' என்று கையசைத்துப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். இதற்கெல்லாம் நன்றி எதற்கு என்பது உங்கள் எண்ணம். அதனால் இதை என் தாய்மொழியில், என் மக்கள் படிக்கும்படி எழுதுகிறேன். போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில், பிஸ்த்ரிக் மேட்டில் ஒரு குடும்பம், தங்கள் வீட்டுக்கு வந்த தமிழ் மருமகளுக்குப் போஸ்னிய மொழியை எப்படி ஊட்டியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எழுதி முடித்ததும் உங்கள் மொழியில் நானே வாசித்துக் காட்டுவேன். அப்போது யாரும் பேச்சை மாற்றக் கூடாது.

முதல் நன்றி மாமியாருக்கு. இந்த வீட்டில் எல்லோரும் உங்களை 'மாமா' என்று அழைக்கிறார்கள். இங்கே அது அம்மாவைக் குறிக்கும் சொல். நானும் அப்படியே அழைக்கிறேன். பாடநூல்கள் 'இது மேசை, அது நாற்காலி' என்று தொடங்குகின்றன. எந்த வீட்டிலும் எவரும் இன்னொருவரிடம் இது மேசை என்று சொல்வதில்லை. நீங்கள் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கையை நீட்டி 'தோதாய்' என்றீர்கள். எடுத்துக் கொடு என்று புரிந்தது. 'தோனெஸி' என்றால் கொண்டு வா. 'ஸாத்வோரி வ்ராத்தா' என்றால் கதவை மூடு. ஒரே ஒரு கதவானாலும் 'வ்ராத்தா' எப்போதும் பன்மைதான் என்பதை இலக்கணம் சொல்லுமுன் உங்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். எடு, கொடு, வை, மூடு என்று ஏவலையே வினையின் வேராக வைத்திருக்கும் மொழியில் பிறந்தவளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. வினை முதலில் கைக்கு வந்தது. பொருள்களின் பெயர்கள் அதன் பின்னாலேயே வந்தன.

மாவுத்தாளில் பூரணம் வைத்துச் சுருட்டிச் சுடும் பீத்தா செய்யும் நாள்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மெல்லிய நீண்ட உருட்டுக்கட்டை 'ஒக்லாகியா'. மேசை முழுவதும் விரிந்து, அடியில் இருக்கும் துணியின் பூ தெரியுமளவு இழுக்கப்படும் மாவுத்தாள் 'யூஃப்கா'. சுருட்டி அடுக்கும் வட்டத் தட்டு 'தெப்சியா'. உள்ளே இறைச்சி வைத்தால் மட்டுமே அது 'புரெக்'. பாலாடைக்கட்டி வைத்தால் 'ஸிர்னித்ஸா', கீரை வைத்தால் 'ஸெல்யானித்ஸா', உருளைக்கிழங்கு வைத்தால் 'குரோம்பிருஷா'. எல்லாவற்றையும் புரெக் என்று சொல்லும் வெளியூர்க்காரர்களை சரயேவோவில் யாரும் திருத்தாமல் விடுவதில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இட்லியைத் தோசை என்று சொன்னால் நாம் விடுவோமா?

நாத்தனார் மகளே, உனக்கும் நன்றி. சாப்பாட்டு மேசையில் கத்தி, கரண்டி வைப்பது உன் வேலை. ஒவ்வொரு முறையும் என்னை எண்ணச் சொல்வாய். ஒரு கத்தி 'யெதான் நோஷ்', இரண்டு 'த்வா நோஷா', ஐந்து 'பேத் நோஷேவா'. இரண்டு, மூன்று, நான்குக்கு ஓர் உருவம். ஐந்திலிருந்து வேறோர் உருவம். வகுப்பில் பலகை நிறைய எழுதி விளக்கிய இந்த விதியை, விருந்தாளிகள் கூடக் கூட நீ பாட்டைப் போலச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கிவிட்டாய்.

இனி உறவுப் பெயர்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே அவைதான்.

வந்த புதிதில் ஓரகத்தி அக்கா என்னைத் தெருவில் ஒருவருக்கு அறிமுகப்படுத்தும்போது 'மோயா யெத்ர்வா' என்றார். கணவனுடைய சகோதரனின் மனைவி. ஆங்கிலத்தில் நாத்தனாரும் ஓரகத்தியும் கொழுந்தியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். போஸ்னியம் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறது. கணவனின் சகோதரன் 'தியேவெர்', சகோதரி 'ஸாவோவா'. மனைவியின் சகோதரன் 'ஷூராக்'. மனைவியின் சகோதரியை மணந்தவர் 'பஜானக்', அதாவது நம் சகலை. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் 'பிரியாதெல்', 'பிரியா' என்று அழைக்கிறார்கள், நம் சம்பந்தி. நண்பனுக்கும் அதே 'பிரியாதெல்' தான். கணவனின் அம்மா 'ஸ்வெக்ர்வா', மனைவியின் அம்மா 'பூனித்ஸா'. நான் 'ஸ்னாஹா'. இந்தப் பட்டியலை அக்கா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் நேராகத் தமிழ்ச் சொல் எழுதிக்கொண்டே போனேன். எங்கும் காலியிடம் விழவில்லை. வேற்று நாட்டுக்கு வந்திருக்கிறேன் என்ற கலக்கம் அன்று பெருமளவு குறைந்தது. இங்கே எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்துக்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மற்ற சொற்களைக் கற்பதில் பயம் இல்லை.

ஒத்துப்போகாத இடங்களையும் அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அண்ணனும் தம்பியும் இங்கே ஒரே 'பிராத்'. மூத்தவர், இளையவர் என்று அடைமொழி சேர்க்க வேண்டும். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே 'அமிஜா'. அம்மாவின் சகோதரர் 'தாய்ஜா'. தமிழில் எழுதும்போதே தாய்மாமன் என்று மனத்தில் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சொல் உண்மையில் துருக்கியிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல். ஆனாலும் எனக்கு அது உதவியது.

ஆசிரியைக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அமிஜா, தாய்ஜா போன்றவை 1463 முதல் 1878 வரை நீண்ட ஓட்டோமான் காலத்தின் வரவு என்றும், தியேவெர், ஸ்வெக்ர்வா, யெத்ர்வா போன்றவை அதற்கு மிக மூத்த ஸ்லாவியச் சொற்கள் என்றும் பிரித்துக் காட்டினீர்கள். இந்தியில் கணவனின் தம்பியைக் குறிக்கும் 'தேவர்' என்ற சொல்லும் தியேவெரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று நீங்கள் சொன்னபோது, வகுப்பில் என்னைத் தவிர யாருக்கும் அது அவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்காது. 'ஷெச்சேர்' என்ற சர்க்கரையும், 'தாவா' என்ற வாணலியும், 'நாராஞ்ஜா' என்ற ஆரஞ்சும் எங்கள் பக்கத்துச் சர்க்கரைக்கும் தவாவுக்கும் நாரத்தைக்கும் உறவு என்று நான் சொன்னபோது, நீங்கள் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பலகையில் எழுத வைத்தீர்கள். மாணவி சொல்வதையும் பாடமாக ஏற்கும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

துஸ்லா பக்கத்துக்காரரான முஹமெத் ஹெவாயி உஸ்குஃபி 1631ஆம் ஆண்டில் போஸ்னியச் சொற்களுக்கும் துருக்கிச் சொற்களுக்கும் செய்யுளிலேயே அகராதி எழுதினார் என்பதும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்த மரபில் வந்தவர்களுக்கு அது எவ்வளவு நெருக்கமான செய்தி! அன்று முதல் நானும் வீட்டுச் சொற்களை மோனை, எதுகை பார்த்து அடுக்கத் தொடங்கினேன். 'யாஸ்துக், யோர்கான்' என்று தலையணையும் மெத்தைப் போர்வையும் ஒன்றாக வரும். 'துஷேக், பேஷ்கிர்' என்று மெத்தையும் துவாலையும் பின்தொடரும்.

இந்த இடத்தில், போஸ்னியாவை ஒருநாளும் பார்த்திராத என் பள்ளித் தமிழாசிரியரையும் நினைக்கிறேன். ஐயா, நீங்கள் வேற்றுமை எட்டையும் சலிக்காமல் நடத்தியதால், இங்கே ஏழு வேற்றுமைகள் என்றதும் உடன் படித்த பலர் தலையைப் பிடித்துக்கொண்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளி வேற்றுமை என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகன் 'மகனே' ஆவதுபோல் இங்கே 'ஸின்' 'ஸீனே' ஆகிறது; 'ஸெஸ்த்ரா' என்ற சகோதரி, அழைக்கும்போது 'ஸெஸ்த்ரோ' ஆகிறாள். 'உ குஹின்யி' என்றால் சமையலறையில் இருக்கிறோம். 'உ குஹின்யு' என்றால் சமையலறைக்குள் போகிறோம். ஓர் எழுத்து மாறினால் போதும்.

பாட்டி, அந்த 'ஸீனே'யை எனக்கு முதலில் தந்தவர் நீங்கள். மகனே என்று பெண்ணையும் அழைக்கும் பழக்கம் இந்த ஊரில் பல வீடுகளில் உண்டு. இங்கே தாய் தன் குழந்தையையே 'மாமா' என்று கொஞ்சுவதையும் கேட்டிருக்கிறேன். மகளை 'வாம்மா' என்றும் மகனை 'சொல்லப்பா' என்றும் அழைக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ள யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. உங்களை 'நானா' என்று அழைக்கிறேன். இலங்கை முஸ்லிம்களிடையே நானா என்றால் அண்ணன் என்று நான் சொன்னதை நீங்கள் அக்கம்பக்கம் முழுவதும் சொல்லி மகிழ்ந்தீர்கள். சுவரோரம் நீளும் 'செச்சியா'வில் உட்கார்ந்து, 'ஜெஸ்வா'விலிருந்து கைப்பிடியில்லாத சிறு 'ஃபில்ஜான்'களில் காப்பி ஊற்றி, 'பொலாஹ்கோ, பொலாஹ்கோ', மெதுவாக மெதுவாக என்று என் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தீர்களே, அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

பக்கத்து வீட்டு அம்மையாரே, உங்களை 'கொம்ஷினித்ஸா' என்று அழைக்கும் உரிமையை முதல் நாளே கொடுத்தீர்கள். உங்கள் வீட்டில் பாட்டி 'பாகா', அப்பாவின் சகோதரர் 'ஸ்த்ரிட்ஸ்', அம்மாவின் சகோதரர் 'உயாக்'. காப்பி ஒரு வீட்டில் 'காஹ்வா', அடுத்ததில் 'காஃபா', இன்னொன்றில் 'காவா'. எது சரி என்று நான் கேட்டதற்கு, அந்தந்த வீட்டில் அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் காது கொடு, பிறகு அப்படியே சொல் என்றீர்கள். போஸ்னியாக்கியர், செர்பியர், குரோவாசியர் என்ற மூன்று சமூகங்கள் சேர்ந்து வாழும் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் அது.

ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், 'ஸ்தாக்லோ' என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினீர்கள். பிறகு நீங்களாகவே 'ஃபோலியா' என்ற சொல்லையும் சேர்த்தீர்கள். 1992 முதல் 1996 வரை நகரம் முற்றுகையில் இருந்தபோது, உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாக ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுத்த பிளாஸ்டிக் விரிப்பை ஜன்னல்களில் அடித்து வைத்திருந்தீர்கள் என்றும், பிஸ்த்ரிக்கின் மதுவடிப்பு ஆலையில் கிடைத்த ஊற்றுநீருக்காக 'கானிஸ்தெர்'களோடு வரிசையில் நின்றீர்கள் என்றும் சொன்னீர்கள். அந்த வரிசைகள் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. கண்ணாடி, தண்ணீர், விறகு, ரொட்டி என்று எந்தத் தொடக்கநிலைப் பாடத்திலும் வரும் எளிய சொற்களை நீங்கள் எவ்வளவு கவனமாக உச்சரிக்கிறீர்கள் என்பதை அதன் பிறகே கவனித்தேன். என்னிடம் அதைச் சொல்லத் துணிந்ததற்கு நன்றி. நீங்கள் மறுபடி சொல்ல விரும்பினால் கேட்பேன். விரும்பாவிட்டால் கேட்க மாட்டேன்.

ரொட்டிக் கடைக்காரர், பஸ்ஸில் பேச்சுக் கொடுக்கும் பெரியவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றியதும் வீட்டுக்குள் போடும் 'பாபுச்சே' செருப்பை நீட்டி 'புய்ரும்' என்று வரவேற்கும் உறவினர்கள் எல்லோருக்கும் நன்றி. நான் தடுமாறும்போதும் ஆங்கிலத்துக்குத் தாவாமல் இருந்தீர்கள். அது சிறிய உதவி அல்ல.

ஓரகத்தி அக்கா, இலையுதிர் காலம் வருகிறது. குளிர்காலச் சேமிப்பான 'ஸிம்னித்ஸா'வுக்குச் சந்தையில் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக இறங்கும். அதை அரைத்துச் செய்யும் துவையலான ஐவாருக்குச் சுட்டுத் தோலுரிப்பதும், 'துர்ஷியா' ஊறுகாய்க்கு முட்டைக்கோசு அடுக்குவதும் எப்படி என்று இந்த முறை தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும். ஜாடிகளைக் கழுவ நான் முன்கூட்டியே வந்துவிடுகிறேன். ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள், என் உச்சரிப்பு பிசகினால் முன்போலவே உடனே திருத்துங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஸ்னாஹா