ஏரிக்கரைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் தென்பகுதியில் சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைச் சுற்றியுள்ள நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போல் ஏரிக்கரைவாசிதான். 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தபோது, சிட்லபாக்கத்து மக்கள் வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குப்பையை வாரினார்கள். அந்த ஏரியைச் சீரமைக்க அரசு பணம் ஒதுக்கியதில் அந்த வியர்வைக்கும் பங்குண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அந்த உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மழை நின்று ஒரு மாதம் கழித்து, உங்கள் பகுதியின் மழைநீர் வடிகால் ஏரியில் சேரும் இடத்துக்குப் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும். வடிகாலிலோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் வீடுகளில் குளித்துத் துவைக்கும் நேரத்தில் அது வேகமெடுத்து, சோப்பு நுரையைச் சுமந்து வரும். வெயில் ஏற ஏற ஓட்டம் மெலிந்து, கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசும். வாய்க்கால் முகத்தில் கணுக்கால் ஆழத்துக்குக் கருஞ்சேறு. அதில் ஷாம்பு பாக்கெட்டுகளும் பால் கவர்களும் புதைந்து கிடக்கும். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் ஓடுவது யாருடைய தண்ணீர்? நம்முடையதுதான். நம் குளியலறைத் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், பல வீடுகளில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதும் அதோடு சேர்த்து.

இந்தக் கழிவில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத் தாமரைக்குத் தீனி. அது ஏரியை மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்காது. செத்த இலையும் கழிவும் அடியில் மக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. விடியற்காலையில் கெண்டை மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதும், மறுநாள் வெள்ளை வெள்ளையாகக் கரை ஒதுங்குவதும் அதனால்தான். இயந்திரம் வைத்து ஆகாயத் தாமரையை அள்ளுகிறோம். தீனி நிற்காததால் அடுத்த சில மாதங்களில் அது மறுபடி மூடிவிடுகிறது.

நடைபாதையும் இருக்கைகளும் விளக்குகளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள் மாலையில் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும். ஆனால் சங்கக் கூட்டங்களில் நடைபாதைக்குச் செலவழியும் நேரத்தில் கால்பங்கு கூட, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய்க்கும் உபரிநீர் வெளியேறும் கலங்கலுக்கும் ஒதுக்கப்படுவதில்லை. கரை முழுவதும் கல் பதித்துவிட்டால் கோரையும் சம்பும் வளரும் சேற்று விளிம்பு போய்விடும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டுவது அந்த விளிம்பில்தான்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. நாம் ஏரிக்கு ஒரு சங்கமாகப் பிரிந்து நிற்கிறோம். ஏரிகள் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. சிட்லபாக்கத்து உபரிநீர் செம்பாக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோமே, அதே சதுப்பு நிலம்தான். நாம் திறந்துவிடும் சாக்கடைதான் அங்கேயும் போய்ச் சேருகிறது. ஒரு கால்வாய் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை மக்கள் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் நின்று பார்த்தார்கள். இந்த வழி நெடுக இரண்டு மாநகராட்சிகள், நீர்வளத் துறை என்று நிர்வாகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது எளிதாக இருக்கிறது. ஏரி வரிசை முழுவதற்கும் பேச ஒரு கூட்டமைப்பு இருந்தால் அது அவ்வளவு எளிதாக இருக்காது.

ஊரார் கூடி ஏரியைப் பார்த்துக்கொள்வது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. வாரியத்தில் பதவி வகித்தும் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடமில்லை என்றும் சொல்கிறது. பிற்காலத்திலும் ஏரிப் பாசனம் பெற்ற ஆயக்கட்டு விவசாயிகள், ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு வேலையான குடிமராமத்தில் இறங்கித் தூர் வாரியதற்குக் காரணம், ஏரி தூர்ந்தால் அவர்கள் வயல் காய்ந்துவிடும் என்பதே. நமக்கு வயல் இல்லை. ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. ஏரியில் தேங்குவதுதான் நிலத்தடிக்கு இறங்குகிறது. நம் சாக்கடையும் அதோடு சேர்ந்து இறங்குகிறது.

ஆகவே ஐந்து ஏரிகளின் சங்கங்களும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே ஒன்றாகக் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பரில் மழையில்லாத ஒரு வாரத்தில் வடிகால்களின் ஓரமாக நடந்து, தண்ணீர் ஓடும் குழாய்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறிப்போம். வீட்டுக்காரரை அவமானப்படுத்துவதற்காக அல்ல. நிர்வாகிகளான உங்கள் வீட்டுக் குழாயையும் என் வீட்டுக் குழாயையும் முதலில் அடைப்பதற்காக. பாதாளச் சாக்கடை வராத தெருக்களுக்கு அது எப்போது வரும் என்று ஒரே மனுவாகக் கேட்போம். அதுவரை செப்டிக் டேங்க் கழிவை எடுக்க உரிமம் பெற்ற லாரியை மட்டுமே அழைப்போம். அது கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டியது என்பதற்கு ரசீது கேட்டு வாங்குவோம். இரவில் வாய்க்காலில் கொட்டும் லாரியைக் கண்டால் எண்ணைக் குறித்துப் புகார் கொடுப்போம், எந்த ஏரிக்கரையில் நடந்தாலும்.

கூட்டத்துக்கு இடம் பார்ப்பது, அழைப்பிதழைச் சங்கம் சங்கமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது ஆகிய வேலைகளை நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் சங்கத்தின் சார்பில் வரப்போகும் இருவரின் பெயர்களை ஆவணி மாதம் முடிவதற்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
செம்பாக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் உங்களில் ஒருவன்