தேர்தலில் நிற்க நினைக்கும் டென்னிஸ் வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் வணக்கம்.

மட்டையை உறைக்குள் வைத்த சில மாதங்களிலேயே உங்களில் சிலருக்குக் கட்சிகளிடமிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. துண்டு போர்த்திய படம் மறுநாள் எல்லாச் செய்தித்தாளிலும் வருகிறது. அந்தப் படத்துக்கும் உங்கள் வேட்புமனு ஏற்கப்படும் நாளுக்கும் நடுவில் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வேட்புமனு, பிரமாணப் பத்திரம், வரிக்கணக்கு என்று இவற்றோடு புழங்குகிறவர்கள் நாங்கள். நீங்கள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறோம். வந்த பிறகு ஒரு காகிதத்தால் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

மற்ற விளையாட்டுக்காரர்களைவிட உங்களுக்குச் சிக்கல் அதிகம். ஆண்டில் பாதி நாள் வெளிநாட்டில் இருப்பீர்கள். பரிசுப் பணம் பத்து நாடுகளில் வரி பிடிக்கப்பட்டு வரும். மட்டைக்கும் காலணிக்கும் ஒப்பந்தம் போட்டவை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள். அகாதெமியோ குடும்ப அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். இந்த நான்குமே இந்தியத் தேர்தல் சட்டத்தோடு உரசுகிற இடங்கள். எனவே கட்சியில் சேரும் அறிவிப்புக்கு ஓராண்டு முன்பே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

உங்களுக்கு முன் இந்த வழியில் போனவர்கள் உண்டு. ருமேனியாவின் இலியே நஸ்டாசே 1996இல் புக்கரெஸ்ட் மேயர் பதவிக்கு நின்று தோற்றார். 2000இல் அமெரிக்க ஓப்பனையும் 2005இல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்ற மராட் சாஃபின், ஆட்டத்தை விட்ட இரண்டே ஆண்டில், 2011 டிசம்பரில் ரஷ்ய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 2017இல் பதவியை விட்டு விலகினார். நம் லியாண்டர் பயஸ் 2021 அக்டோபரில் கோவாவில் திரிணமூல் காங்கிரஸில் சேர்ந்தார்; 2022இல் நடந்த கோவா சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது ஆஸ்திரேலியாவின் ஜான் அலெக்சாண்டரின் கதையை. 1975இல் ஃபில் டென்ட்டோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்றவர். முன்னாள் பிரதமர் ஜான் ஹோவர்ட் 2007இல் இழந்த பென்னலாங் தொகுதியை 2010இல் லிபரல் கட்சிக்கு மீட்டுக் கொடுத்தவர். ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்த பிறகு, தந்தை வழியில் தனக்குப் பிரிட்டிஷ் குடியுரிமையும் இருக்கக்கூடும் என்ற கேள்வி எழுந்தது. அந்நாட்டு அரசமைப்பின் 44ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமை உள்ளவரை நாடாளுமன்றத்தில் அனுமதிப்பதில்லை. 2017 நவம்பரில் பதவி விலகி, டிசம்பர் 16 அன்று இடைத்தேர்தலைச் சந்தித்து வென்றார். ஆனால் முந்தைய ஆண்டு ஏறத்தாழ 60 விழுக்காடாக இருந்த அவரது இறுதி வாக்குப் பங்கு 55ஆக இறங்கியது. அவர் ஊழலும் செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை. தந்தையின் பிறப்பிடம் பற்றிய ஒரு காகிதத்தை 2010இலேயே சரிபார்த்து, வேண்டாத குடியுரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திராது.

நம் சட்டம் வேறு வகை. இன்னொரு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக விரும்பிப் பெற்ற அந்த நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வைத்திருப்பவர் இங்கே வாக்களிக்கவும் முடியாது, போட்டியிடவும் முடியாது. அதிகம் பேருக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. பெற்றோர் வெளிநாட்டில் இருந்தபோது பிறந்து, வம்சாவளியால் இந்தியக் குடிமகனாகவும் பிறப்பால் அந்நாட்டுக் குடிமகனாகவும் இருக்கும் பிள்ளை, 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அந்நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழக்கிறது. 18 வயதில் ஜூனியர் போட்டிகளுக்காக ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தபோது இதை யார் கவனித்திருப்பார்கள்? உங்கள் பிறப்புச் சான்றிதழ் வெளிநாட்டினுடையது என்றால் வழக்கறிஞரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். கிரீன் கார்டோ துபாய் கோல்டன் விசாவோ குடியுரிமை ஆகாது. அவற்றால் தகுதி போகாது.

அடுத்து வாக்காளர் பட்டியல். மக்களவைக்கு நிற்க நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சட்டமன்றத்துக்கு அந்த மாநிலத்திலேயே வாக்காளராக இருக்க வேண்டும். வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர் படிவம் 6ஏ மூலம் கடவுச்சீட்டில் உள்ள முகவரியில் பதிவு செய்யலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரும் சேராது. நிற்கும் தொகுதி வேறு, வாக்கு இருக்கும் தொகுதி வேறு என்றால், பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடு அல்லது பரிசீலனையின்போது தரவேண்டும். இதை மறந்து பரிசீலனை அறையிலிருந்து ஆளை ஓடவிடுவது அடிக்கடி நடக்கிறது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வருமான வரித்துறையிலோ காவல்துறையிலோ இருப்பவர்கள் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்ட ஆணை கையில் இருக்க வேண்டும். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களில் இருப்பவர்கள் தங்கள் பணி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி படிவம் 26. அதிகம் பேர் தடுமாறும் இடம் இந்தப் பிரமாணப் பத்திரம்தான். 2019 பிப்ரவரியிலிருந்து இதில் உங்களுக்கும் துணைவருக்கும் உங்களைச் சார்ந்திருப்போருக்கும் ஐந்து நிதியாண்டுகளின் வருமானத்தையும், வெளிநாட்டில் உள்ள சொத்துகளையும் காட்ட வேண்டும். டென்னிஸ்காரரின் ஐந்தாண்டுக் கணக்கு சீராக இருக்கவே இருக்காது. ஓராண்டு காயம்பட்டு வீட்டில் இருந்ததால் வரிச்சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் ஆகியிருப்பீர்கள். உலக வருமானம் முழுவதும் கணக்கில் வந்திருக்கும். அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் போட்டிகளிலேயே கழிந்ததால் வசிக்காதவர். இந்திய வருமானம் மட்டும் வந்திருக்கும். பிரமாணப் பத்திரம் கேட்பது வரிக்கணக்கில் காட்டிய தொகையை. ஆக ஒரு வரியில் 90 லட்சமும் அடுத்த வரியில் 6 லட்சமும் நிற்கும். எதிரணி இதைத்தான் துண்டறிக்கையாக அச்சடிக்கும். எந்த ஆண்டு எந்த நிலை என்பதை ஒரு பக்கக் குறிப்பாகக் கணக்காயரிடம் எழுதி வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

இன்னொரு முரண்பாடும் இங்கே காத்திருக்கிறது. வரிக்கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு நிரப்பப்படுகிறது. மற்றதெல்லாம் மார்ச்சில் முடியும் நிதியாண்டுக்கு. இரண்டிலும் தொகை வேறுபட்டால் அது பொய்க்கணக்கு ஆகாது, ஆனால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக்கு ஆடிய காலத்தில் திறந்து மறந்த வங்கிக் கணக்கு, வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் பெயரில் சேர்ந்த தொகை, உரிமைப் பணத்துக்காக முகவர் வெளிநாட்டில் தொடங்கித் தந்த சிறு நிறுவனத்தின் பங்கு, இவை மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகின்றன. வசிப்பவராக இருந்த ஆண்டில் வெளிநாட்டுச் சொத்தை வரிக்கணக்கில் காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம் (அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபரிலிருந்து விலக்கு உண்டு). பிரமாணப் பத்திரத்தில் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். இல்லை என்றால் "இல்லை", பொருந்தாது என்றால் "பொருந்தாது" என்று எழுதுங்கள். கோடு போட்டுவிடுவதும் சிக்கல்தான். வெற்றுக் கட்டங்களை நிரப்பச் சொல்லியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது.

விளம்பரதாரர் விஷயத்தில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைப் படியுங்கள். வேட்பாளரும், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரும் வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெறக்கூடாது. தொழில்முறையில் முறையாக வரவேண்டிய ஊதியத்துக்கு விலக்கு உண்டு. எனவே பழைய ஒப்பந்தப்படி வரும் மட்டைப் பணம் வேறு கதை. அதே நிறுவனம் அன்பாக 500 சட்டைகள் அனுப்பி, அவற்றை உங்கள் தொண்டர்கள் அணிந்து ஊர்வலம் போனால் அது பங்களிப்பு. தேர்தல் செலவிலும் ஏறும். ஒப்பந்தத்தில் அரசியல் ஈடுபாட்டைத் தடுக்கும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அறிவிப்புக்கு முன்பே எழுத்தில் விடுவிப்பு வாங்குங்கள்.

மனு தாக்கல் காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை. மூன்று மணிக்கு அலுவலக வளாகத்தில் இருந்தீர்களா என்பதே கேள்வி. ஊர்வலத்தில் இருந்தேன் என்பது பதில் ஆகாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர். காப்புத்தொகை மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. நீங்கள்தான் தன் வேட்பாளர் என்று கட்சி தெரிவிக்கும் ஏ, பி படிவங்களில் பேனா மையில் இட்ட அசல் கையொப்பம் வேண்டும். முத்திரைக் கையொப்பம் செல்லாது. மனு கொடுத்த கையோடு உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் அது முடிந்திருக்க வேண்டும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெரிய மாநிலங்களில் மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என்பது 2022 முதல் உள்ள உச்சவரம்பு. மனுவுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தனி வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும், தோற்றவரும்கூட. கொடுக்காதவர் மூன்றாண்டு தகுதி இழக்க நேரும். உங்கள் பழைய இரட்டையர் கூட்டாளி வந்து காட்சி ஆட்டம் ஆடினால் மைதான வாடகையும் விளக்குச் செலவும் பயணச்சீட்டும் உங்கள் பதிவேட்டில் வரும்.

வென்ற பிறகு வருவது விருந்தோம்பல். கிராண்ட் ஸ்லாம் போட்டிக்கு முன்னாள் வீரர் என்று அழைப்பார்கள். விமானச் சீட்டும் விடுதி அறையும் அவர்கள் செலவு. உறுப்பினராகிவிட்டால் உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் அதை ஏற்கக் கூடாது. எஃப்சி-2 படிவத்தைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு கொடுக்க வேண்டும். நட்பு அழைப்புதானே என்று நினைத்துச் சறுக்குவது எளிது.

உங்கள் மனதில் உள்ள டென்னிஸ் களத்துக்கு வருவோம். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. பரிந்துரைப்பது நீங்கள், ஒப்புதலும் பணமும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். நீங்களோ குடும்பத்தினரோ நிர்வாகியாக உள்ள அறக்கட்டளைக்கு இந்த நிதியைப் பரிந்துரைக்க முடியாது. ஆகவே சொந்த அகாதெமியை மறந்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் கட்டுவதானால் கோட்டு அளவு 78க்கு 36 அடிதான் என்றாலும் 120க்கு 60 அடி நிலம் தேவை. நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். நீர் வடிய நூறு அடிக்கு ஓரடி வீதம் ஒரே பக்கமாகச் சாய்வு வேண்டும். வலையிலிருந்து இருபுறமும் சரித்தால் ஆட்டம் கெடும். தார்த்தளம் போட்டுக் குறைந்தது இரண்டு வாரம் ஆறவிட்ட பிறகே அக்ரிலிக் பூச்சு. திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு அதற்குள் பூசச் சொன்னால் கொப்புளம் கட்டி உரியும். அதைவிட முக்கியம், பராமரிப்புக்கு இந்த நிதி வராது. கூட்டவும் வலை மாற்றவும் யார் பணம் தருவார்கள் என்பதைப் பள்ளியிடமோ உள்ளாட்சியிடமோ எழுத்தில் வாங்காமல் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

எங்களைக் கேட்டால் ஒரு பெரிய களத்துக்குப் பதில் பத்துப் பள்ளிகளின் சிமெண்ட் முற்றத்தில் 36க்கு 18 அடிச் சிறுவர் களங்களைக் கோடு போட்டுக் கொடுங்கள் என்போம். மெதுவாகத் துள்ளும் சிவப்புப் பந்தும் 80 செ.மீ. உயர வலையும் போதும். எட்டு வயதுக் குழந்தை முதல் நாளிலேயே பந்தைத் திருப்பி அடிக்கும்.

கட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அழைக்கும்போதே வேட்பாளராகவா, நட்சத்திரப் பேச்சாளராகவா என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேட்பாளர் என்றால் மனு நாளுக்கு முந்தைய இரவில் படிவம் 26ஐ நீட்டாமல், ஒரு கணக்காயரையும் ஒரு வழக்கறிஞரையும் ஆறு மாதம் முன்பே அவரோடு உட்கார வையுங்கள்.

வீரர்களே, இந்த வாரமே மூன்று காகிதங்களை எடுத்து மேசையில் வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கம், கடந்த ஐந்தாண்டு வரிக்கணக்கு. மூன்றிலும் உங்கள் பெயரின் எழுத்துகளும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அன்புடன்,
தேர்தல் மனுக்களையும் விளையாட்டு வீரர்களின் கணக்குகளையும் கவனிக்கும் சிலர்