பாப்பாவின் ஃபெலோஷிப் விஷயமாக

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு ஆபரேஷன் வேண்டாமென்று நீயே முடிவு பண்ணிவிட்டாயாம். டாக்டர் நோயாளியானால் இப்படித்தான். ஒரு தடவையாவது எலும்பு டாக்டரிடம் காட்டு. எனக்கு இங்கே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். எம்.டி. முடித்த கையோடு, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயும் ரத்தநோயும்தான் படிப்பேன் என்று அவள் நிற்பதாகவும், நான் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றும் எழுதியிருக்கிறாய். அவள் உனக்கு முன்பே எனக்குப் போன் போட்டுவிட்டாள். எடுத்துச் சொல்ல வேண்டியது உனக்குத்தான் என்று தோன்றுகிறது.

வழி இரண்டு. நீட் எஸ்.எஸ். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருட டி.எம். பட்டம்; அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் ஃபெலோஷிப், எஃப்.என்.பி., இரண்டு வருடம். எது கிடைத்தாலும் போகட்டும். பட்டத்தின் பெயரைவிட அந்த யூனிட்டில் எத்தனை குழந்தைகள் வருகிறார்கள், ராத்திரியில் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணு கிடைக்கிறதா, சீனியர் பக்கத்தில் நிற்கிறாரா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதல் மாதங்கள் கையும் கண்ணும் பழகுவதிலேயே போய்விடும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்க, முதுகுத் தண்டுவட நீரில் மருந்து ஏற்ற, கண்ணாடித் துண்டில் தேய்த்த ரத்தத்தை, அதாவது ஸ்மியரை, லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் தானே மைக்ரோஸ்கோப்பில் பார்க்க. வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை முதல் முறை கையில் எடுக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் பயம் வரட்டும். தெற்கத்திச் சீமையில் வயலில் போடுகிறார்களே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்து வருவதுதான். நரம்பில் போனால் உயிர் காக்கும். தவறிப்போய் முதுகுத் தண்டில் ஏற்றினால் அநேகமாக மரணம்தான். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் வைக்காமல் சின்னப் பையில் கலந்து கொடு, முதுகில் ஊசி போடும் இடத்துக்குக் கொண்டே போகாதே என்று உலகம் முழுக்க விதி வைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு, கிருமியோடு சண்டைபோடும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும். சீட்டு போடுவது, கட்டில் தேடுவது எல்லாம் அப்புறம். இந்த வேகம் பாடப்புத்தகத்தில் வராது.

'மனசு தாங்குமா' என்று கேட்டிருக்கிறாய். நாம் படித்த காலத்து வார்டை நினைத்துக்கொண்டு கேட்கிறாய், புரிகிறது. அப்போது லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். இப்போது கதை வேறு. நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவை நினைவிருக்கிறதா? கதர் கட்டி வந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் போனவர் என்பார்கள். அமெரிக்காவில் அவருடைய குழு தயாரித்த அமினாப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் லுகேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் வந்த கட்டுரையில் 16 பேர், அதில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியது. அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். கொஞ்ச காலம் அடங்கியதிலிருந்து தொடங்கி, இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். நம் பக்கமும் 1984-இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, மும்பை டாடா ஆஸ்பத்திரி, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்ததில், லுகேமியாவில் ஐந்தில் ஒன்று பிழைத்தால் பெரிது என்ற நிலை மாறிப் பாதிக்குப் பக்கம் வந்தது. புதிதாக மருந்து எதுவும் கண்டுபிடித்து வந்த மாற்றமில்லை அது. இருந்ததை ஒழுங்காக, எல்லோரும் ஒரே மாதிரி கொடுத்ததில் வந்தது. பாப்பா நாளைக்குப் பார்க்கப்போகும் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் திரும்புவார்கள். சாவும் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். அழுவாள். அதற்காகவே நல்ல சீனியர் வேண்டும் என்கிறேன்.

உண்மையில் ஆளை அரிப்பது வேறொன்று. லுகேமியாவில் முதல் மாத மருந்திலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கிவிடும். முகம் தெளியும், பசி வரும், ஓடியாடும். அப்போதுதான் வீட்டில் 'குணமாகிவிட்டானே' என்று நினைக்கிறார்கள். சிகிச்சையோ இரண்டு, இரண்டரை வருடம். முதலமைச்சர் காப்பீட்டில் மருந்துச் செலவு ஓடிவிடுகிறது. பஸ் சார்ஜ், தங்குமிடம், அப்பாவின் தினக்கூலி, ஊரில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை, இதற்கெல்லாம் காப்பீடு கிடையாது. ஒரு தேதி தவறும், இரண்டு தேதி தவறும், எட்டு மாதம் கழித்து நோயோடு திரும்பி வருவார்கள். அல்லது வரமாட்டார்கள். எங்கள் ஃபெலோக்களை நான் அதிகம் திட்டுவது டோஸ் கணக்குக்காக இல்லை, தேதி தவறிய வீட்டுக்கு அன்றைக்கே போன் பண்ணாததற்காக. முதல் நாள் அப்பா அம்மாவை உட்காரவைத்துப் பேசுகிறோமே, அந்த ஒரு மணி நேரத்தில் நோயின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. மூன்றாம் மாதம் என்ன தோன்றும், ஊரில் யார் என்ன சொல்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இதற்குத் தேர்வில் மார்க் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேலை பற்றிக் கேட்டாய். நேராகவே சொல்கிறேன்: படித்து முடிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் உட்காருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. லுகேமியாவின் வகையைக் கண்டுபிடிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, ரத்த வங்கி, கீமோ தெரிந்த நர்ஸ் இல்லாமல் ஒரு டாக்டர் மட்டும் தர்மபுரியில் உட்கார்ந்து லுகேமியாவுக்கு முதல் மாத சிகிச்சை கொடுக்க முடியாது. ஆனால் பராமரிப்புக் கட்டத்தை, அதாவது அடங்கிய நோய் திரும்பாமல் காக்கும் மருந்தை, கொடுக்கலாம். தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அந்த வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு ஆள் இருந்தாலே பாதி நிம்மதி. உங்கள் பக்கம் ரத்தம் சரியாக ஊறாத தலசீமியாக் குழந்தைகளுக்கும் மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற, இரும்பை வெளியேற்றும் மருந்தைக் கவனிக்க, முறையாகப் பயின்ற ஒருத்தி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். பாப்பா அங்கேயே திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதே. அவளை நானும் கேட்கவில்லை. விண்ணப்பம் போடும் முன் இரண்டு வாரம் எங்கள் வார்டில் வந்து சும்மா நிற்கட்டும். வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, உடம்பெல்லாம் நீலத் திட்டு, பிளேட்லெட் 12,000, ஆனால் ஓடி விளையாடுகிறான் என்று. ஐ.டி.பி., அதாவது உடம்பே தன் பிளேட்லெட்டை அழித்துக்கொள்ளும் நோய் மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் ஸ்டீராய்டைத் தொடாதே. ஹீமோகுளோபினும் வெள்ளையணுவும் சரியா, மண்ணீரல் தட்டுப்படுகிறதா, ராத்திரி கால் வலிக்கிறது என்று அழுகிறானா, கேட்டுக்கொள். உள்ளே லுகேமியா இருந்து நாம் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அது பாதி மறைந்துகொள்ளும், அப்புறம் மஜ்ஜை எடுத்தாலும் குழப்பம்தான். தோலில் இருக்கும் திட்டைத் தவிர வேறு ரத்தக்கசிவு எதுவும் இல்லையென்றால் ஐ.டி.பி.க்கு மருந்தே வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவன் ரத்த ஸ்லைடைப் பாப்பாவிடம் கொடுத்தனுப்பு. அவளே முதலில் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் நான் பார்க்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய ரூம்மேட்