குரலை எடுத்துவிட்ட பிறகு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் கடையை மூடப்போகிறாய் என்கிற வரியைப் படித்ததும் கை ஓடவில்லை. 32 வருஷமாக இருந்த ரேடியோ ரிப்பேர் கடை. வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டார்கள், ரிப்பேருக்கு ஆளும் வருவதில்லை என்று நீ எழுதியது புரிகிறது. அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, "எவனோ செய்ததைத்தான் நாம் சரிபண்ணிக் கொடுக்கிறோம், நம்முடையது என்று சொல்ல என்ன இருக்கிறது" என்று, அந்த வரிதான் என்னை விடவில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அடுத்த மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முட்டிவலி பரவாயில்லை. ராத்திரியில்தான் தூக்கம் பிடிப்பதில்லை, அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டு மாதமாக ஜமைக்கா பாட்டுதான். காலேஜ் நாளில் நமக்கு ரெகே என்றால் பாப் மார்லி மட்டும்தான், ஒரு கேசட்டைத் தேயத் தேயப் போட்டோம், அதற்கப்புறம் யார் என்று தேடவே இல்லை. இப்போது தேடியதில் உன் தொழில்காரர் ஒருவர் கிடைத்தார்.

பெயர் ஆஸ்பர்ன் ரடக். எல்லோரும் கிங் டப்பி என்றுதான் சொல்வார்கள். 1941-ல் பிறந்தவர், கிங்ஸ்டன் நகரத்து ரேடியோ மெக்கானிக். ஆம்ப்ளிஃபயர் கட்டுவார், டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுவார், பழுதான பெட்டியைப் பிரித்து மாட்டுவார். பாட்டு எழுதியவரோ பாடியவரோ கிடையாது. ஆனால் இன்றைக்கு உலகத்தில் பாதிப் பேர் ஆடுகிற இசை அவருடைய மேஜையைத் தாண்டித்தான் வந்திருக்கிறது என்றால் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த ஊர் நிலவரம் தெரிந்தால்தான் இது விளங்கும். 1950-களில் கிங்ஸ்டனின் ஏழை ஜனங்களுக்கு வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் வாங்க வழியில்லை. ஆகவே திறந்தவெளியில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, ராத்திரி முழுக்க அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டு நடனம் நடத்தினார்கள். அதற்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். அப்படிப் பேர் வாங்கிய முதல் ஆட்களில் ஒருவர் டாம் வாங், அவருக்குப் பெரிய ஆம்ப் கட்டிக் கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ், உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்துவிட்டுத் திரும்பிய டெக்னீஷியன். பிறகு டியூக் ரீட், காக்ஸன் டாட் என்று பெரிய கைகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் போட்டி, அடுத்தவனிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருக்க வேண்டும் என்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவார்களாம். அமெரிக்காவில் ரசனை மாறி, வேண்டிய தட்டுகள் கிடைக்காமல் போனபோது உள்ளூர்க்காரர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அதில் ஸ்கா என்கிற வேகமான இசை வந்தது, 1962-ல் நாடு சுதந்திரம் வாங்கியபோது தெருவெல்லாம் அதுதான். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி, 1968-ல் ரெகே. ரெகேயில் முதல் அடி விழவேண்டிய இடத்தை டிரம்ஸ் காலியாக விட்டுவிட்டு மூன்றாவதில் போய் விழும், அதை ஒன் ட்ராப் என்கிறார்கள். நாம் அன்றைக்குக் கை தட்டித் தட்டித் தப்பாகவே போனதற்கு இதுதான் காரணம், இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது.

சரி, டப்பி விஷயத்துக்கு வருகிறேன். 60-களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரடி ரெட்வுட் என்கிற சவுண்ட் சிஸ்டக்காரர், டியூக் ரீடின் ஸ்டுடியோவில் தன் நடனத்துக்காக டப் பிளேட் வெட்டச் சொன்னார். டப் பிளேட் என்றால் ஒற்றைப் பிரதித் தட்டு, மேற்பூச்சு மிருதுவானது, கொஞ்ச தடவை ஓட்டினாலே தேய ஆரம்பித்துவிடும். பாட்டு, பாரகன்ஸ் குழு பாடியது. வெட்டிக்கொண்டிருந்த பைரன் ஸ்மித், குரல் மட்டும் தனியாகப் பதிவாகியிருந்த டிராக்கைத் திறக்க மறந்துவிட்டார். அது தெரிந்து நிறுத்தப் போனவரை ரடி தடுத்து, அப்படியே வெட்டு என்றிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி முதலில் குரலோடு உள்ள தட்டைப் போட்டு, அடுத்துக் குரல் இல்லாததைப் போட்டாராம். பாடகர் இல்லாத இடத்தில் கூட்டமே பாடியது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது செல்வம். ஒருவருடைய மறதி, இன்னொருவர் அதைப் பிழை என்று தள்ளாமல் காது கொடுத்தது, அதிலிருந்துதான் எல்லாம்.

அப்புறம் பெரும்பாலான தட்டுகளின் பின்பக்கத்திலும் குரலில்லாத வெர்ஷன் வந்துவிட்டது. தயாரிப்பாளர்களுக்கு இதில் லாபமும் இருந்தது, பின்பக்கத்துக்கென்று இன்னொரு பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் பார். வாசித்தவர்களுக்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்ததோடு சரி, அதே தாளத்தின் மேல் இருபது பேர் பாடி விற்றாலும் அவர்களுக்கு ஒன்றும் வராது. ஜமைக்கா தனக்கென்று காப்புரிமைச் சட்டம் போட்டதே 1993-ல்தான். அந்தக் கைகளின் உழைப்புக்குக் கூலி சேரவில்லை என்பது இந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

டப்பி அப்போது டியூக் ரீடிடம் தட்டு வெட்டும் வேலையில் இருந்தார். சொந்தமாகவும் ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார், அதில் மைக் பிடித்தவர் யூ-ராய். குரல் போன காலியிடத்தில் யூ-ராய் தாளத்தோடு பேசினார், 1970-ல் அப்படிப் பேசிய மூன்று தட்டுகள் ஒரே நேரத்தில் ஜமைக்கா பட்டியலின் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. 70-களின் தொடக்கத்தில் டப்பி, ஒரு பெரிய ஸ்டுடியோ கழித்துவிட்ட நான்கு டிராக் மிக்ஸரை வாங்கி வந்து, வாட்டர்ஹவுஸ் பகுதியில் ட்ரோமிலி அவென்யூ வீட்டின் ஓர் அறையில் வைத்தார். இசைக்குழு உட்கார இடமில்லாத அறை. குளியலறையைத்தான் பாடகர் நிற்கும் அறையாக மாற்றியிருந்தார். வேறு ஸ்டுடியோக்களில் பதிவான டேப்புகள் அங்கே வரும், டப்பி அவற்றை மிக்ஸரில் போட்டுப் பிரித்து மறுபடி கட்டுவார். நீ ஒரு செட்டைப் பிரித்துப் பரப்பிவைத்து, எந்தப் பாகம் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்ப்பாயே, அந்த மாதிரி.

எப்படிச் செய்தார் என்று தெரிந்துகொண்டால் நீ விடவே மாட்டாய். ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைக் கீழே இழுத்தால் கிதார் காணாமல் போகும், பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கும். திடீரென்று குரலை ஒரே ஒரு சொல்லுக்குத் திறந்து மூடுவார், அந்தச் சொல் டேப் எக்கோவில் மாட்டித் திரும்பத் திரும்பத் தேய்ந்து கரையும். மிக்ஸரில் ஒரு பெரிய ஃபில்டர் குமிழ் உண்டு, அதைப் படிப்படியாகத் திருப்பினால் அடிச்சத்தமெல்லாம் உதிர்ந்து, தகரத்தில் மழை விழுகிற மாதிரி மேல்சத்தம் மட்டும் மிஞ்சும். ஸ்பிரிங்கால் எதிரொலி உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைக் கையால் ஓங்கித் தட்டி இடி முழக்கத்தையே வரவழைப்பார். எல்லாம் டேப் ஓடும்போதே, ஒரே மூச்சில். அடுத்த தடவை செய்தால் வேறு மாதிரி வரும். பாடகர் ஜேக்கப் மில்லரின் பாட்டு ஒன்றை அகஸ்டஸ் பாப்லோ தயாரிக்க, அதை டப்பி இப்படிப் பிரித்ததைப் பத்து நாளாகக் கேட்கிறேன். மில்லரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்து போகிறது. பாப்லோவின் மெலோடிகா, அதாவது வாயால் ஊதிக்கொண்டே கட்டையை அழுத்தும் பள்ளிக்கூட வாத்தியம், எங்கிருந்தோ தூரத்திலிருந்து வருகிறது. நடுவில் பேஸும் நின்றுபோய் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத கணத்தில்தான் எனக்கு மூச்சு நிற்கிறது.

அவரிடம் வந்து கற்றவர்களும் பட்டறைக்காரர்கள்தான். ஹோப்டன் பிரவுன் என்கிற பையன் ஆம்ப் கட்ட டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வந்து ஒட்டிக்கொண்டார், பின்னாளில் சயன்டிஸ்ட் என்று பெயர் பெற்றார். இன்னொருவர் லாயிட் ஜேம்ஸ், ஜாமி என்பார்கள். 1985-ல் ஜாமி, ஒரு சின்னக் கேசியோ கீபோர்டில் கம்பெனியே போட்டு அனுப்பிய தாளத்தை எடுத்து வெய்ன் ஸ்மித்தைப் பாடவைத்தார், ஜமைக்கா இசை அதோடு டிஜிட்டலுக்கு மாறியது. அந்தத் தாளத்தை அமைத்தவர் ஜப்பானில் ஒகுடா ஹிரோகோ என்கிற இளம்பெண், இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர். கிங்ஸ்டனிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒன்று பெட்டிக்குள் உட்கார்ந்து கிங்ஸ்டனுக்கே திரும்பியிருக்கிறது! அதன்பின் நிறைய டிரம்மர்களுக்கும் பேஸ்காரர்களுக்கும் வேலை குறைந்துபோனதும் உண்மை. உன் கடிதத்தைப் படித்தபோது அவர்கள் ஞாபகமும் வந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸில் நடத்திய விருந்திலிருந்துதான் ஹிப் ஹாப்பின் கதையைத் தொடங்குவார்கள். பிரிட்டனுக்குப் பிழைக்கப் போன கரீபிய ஜனங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளையும் கொண்டுபோனார்கள், அங்கே ஜங்கிள், டப்ஸ்டெப் என்று நடன இசை வகைகளாகக் கிளைத்தது. ரீமிக்ஸ் என்று இன்று எதைக் கேட்டாலும் எனக்கு அந்தச் சின்ன அறைதான் தெரிகிறது.

டப்பியை 1989 பிப்ரவரி 6-ம் தேதி அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 48 வயது. யார் செய்தது என்று கடைசிவரை வெளியே வரவில்லை.

பென் டிரைவில் பதினேழு பாட்டு போட்டு இதோடு அனுப்புகிறேன். போனில் கேட்காதே, பேஸ் போய்விடும். கடையில் அந்தப் பழைய 15 இஞ்ச் ஸ்பீக்கர் இன்னும் இருக்கும் இல்லையா, அதை மட்டும் யாருக்கும் விற்காதே. கடைசிப் பெட்டியைக் கட்டுவதற்கு முன் அதில் மாட்டி, மூன்றாவது பாட்டைப் போடு. ரிவெர்ப் ஸ்பிரிங்கை அவர் எந்த இடத்தில் தட்டியிருப்பார் என்று உன் காதுக்குத் தெரியும், எழுது. மாத நடுவில் இரண்டு நாள் வருகிறேன், சாமான் கட்ட ஆள் வேண்டுமே.

அன்புடன்,
ரவி