அதே தழும்பில் மறுபடியும் கட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவருக்குத் தொடையிலோ தோளிலோ இருந்த கட்டியை ‘வெறும் கொழுப்புக் கட்டி’ என்று எடுத்தாயிற்று. சில மாதங்களில் அதே தழும்புக்கு அடியில் மறுபடியும் தலைகாட்டுகிறது. உடனே இரண்டாம் முறையும் கத்தி வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். சார்கோமா எனும் மென்திசுப் புற்றுநோய், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதனாலேயே திரும்பி வந்த கட்டி அதுவாக இருக்குமோ என்ற சந்தேகம் பலருக்கு எழுவதில்லை.

முதலில், எடுத்த கட்டியின் பாரஃபின் பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு) ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. சார்கோமாவில் பழகிய நோய்க்கூறியல் மருத்துவர் அந்தத் திசுவையே மறுபடி பார்க்க வேண்டும். சார்கோமாவில் 50-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வகையைப் பொறுத்தே மருந்து.

அடுத்தது எம்.ஆர்.ஐ.; அதற்குப் பிறகே கோர் ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் சிறு திசுத் துண்டை எடுத்துச் செய்யும் சோதனை. முதலில் ஊசி குத்திவிட்டால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். ஊசி போன தடத்தையும் பின்னால் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால், எங்கே குத்துவது என்பதை அறுவை செய்யப்போகும் மருத்துவரே சொல்ல வேண்டும். முதியவர்களிடம் அதிகம் காணப்படும் மிக்ஸோஃபைப்ரோசார்கோமா என்ற வகை, தசை உறையை ஒட்டி வால்போல நீண்டு படரும். கைக்குத் தட்டுப்படும் கட்டியைத் தாண்டியும் நோய் இருக்கும். அந்த வாலை விட்டுவைத்தால் திரும்ப வரும், வரவர வீரியம் கூடவும் செய்யும். பழைய தழும்பு, கசியும் நீரை வடிக்க வைத்த டிரெயின் குழாய் வெளியே வந்த துளை ஆகியவையும் அறுவையில் போக வேண்டும். பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவும் என்பதால் நெஞ்சு சி.டி.யை விடக்கூடாது.

முன்பு கதிர்வீச்சு பெறாதவருக்கு, அறுவைக்கு முன் 25 தவணைகளில் 50 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்து, 4 முதல் 6 வாரம் பொறுத்து அறுவை செய்வது வழக்கம். இதில் புண் ஆறுவது சிக்கலாகலாம், குறிப்பாகத் தொடையில். சர்க்கரையும் ரத்தத்தில் குறைந்த ஆல்புமின் புரதமும் அதை இன்னும் மோசமாக்கும்; காத்திருக்கும் வாரங்களில் இவற்றைச் சரிசெய்யலாம். கதிர்வீச்சை அறுவைக்குப் பின் கொடுப்பதென்றால் 60 முதல் 66 கிரே தேவை. புண் தொல்லை குறைவு, ஆனால் திசு இறுகி மூட்டு விறைக்கும் வாய்ப்பு அதிகம். முன்பே கதிர்வீச்சு பெற்றவர் எந்த இடத்தில், எவ்வளவு என்ற பழைய பதிவைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

நோய் பரவியிருந்தால் டாக்ஸோரூபிசின்தான் பெரும்பாலும் முதல் மருந்து. அது இதயத்தைத் தாக்கும். எக்கோ எனும் இதய ஸ்கேன் பார்க்காமல் தொடங்கக்கூடாது. இன்னொரு புற்றுநோய் மருந்தான பசோபனிப் மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்; ரத்த அழுத்தத்தையும் கல்லீரலையும் கவனித்து வர வேண்டும்.

“இந்த வயதில் எதற்கு?” என்று கேட்டு ஒதுக்குவது எங்களை மிகவும் வருத்துகிறது. பிறந்த ஆண்டை விட்டுவிட்டு நடை, எடைக் குறைவு, நினைவாற்றல், சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பாருங்கள். நோயாளியிடமே கேளுங்கள்: காலைக் காப்பது முக்கியமா, வலி தீர்வது முக்கியமா, சொந்தமாக எழுந்து நடப்பதா? அந்தப் பதிலைப் பொறுத்தே சிகிச்சையின் அளவு.

அறுவைக்குப் பின் முதல் 2, 3 ஆண்டுகள் 3 அல்லது 4 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. இடையில் தழும்பருகே புதிதாக ஏதேனும் தடித்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் மருத்துவர்கள் சிலர்