கோபுரத்தில் இணைப்பு அறுந்தால் வானொலியைத் திட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பில் ஒரு கட்டடத்தின் உச்சியில் எப்.எம் அன்ரெனா நின்றால், அதே கம்பத்தில் கண்காணிப்புக் கமெராவும் வயர்லெஸ் இணையக் கருவியும் ஏறிவிடுவது இப்போது வழமையாகிவிட்டது. கொஞ்ச நாளில் இணைப்பு விட்டுவிட்டு வரும். உடனே "ரேடியோக்காரர் பவரைக் கூட்டிவிட்டார்கள்" என்று முறைப்பாடு கிளம்பும். உண்மையில் பெரும்பாலும் பிழை அந்தக் கருவிக்கு ஏறும் நெற்வேக் கேபிளின் இரண்டு நுனிகளில்தான் இருக்கிறது.

எப்.எம் ஒலிபரப்பின் இடம் 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. நெற்வேக் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெற் (செக்கனுக்கு 1000 மெகாபிட்) நான்கு சோடிக் கம்பிகளிலும் செக்கனுக்கு 125 மில்லியன் குறிகளை ஐந்து வெவ்வேறு மின்னழுத்த மட்டங்களில் அனுப்புகிறது. இதற்குப் பயன்படும் கேட் 5ஈ வகைக் கேபிளுக்குத் தரம் குறிக்கப்படுவதே 100 மெகாஹேர்ட்ஸ் வரைதான். இரண்டும் ஒரே முற்றத்தில் விளையாடுகின்றன. 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். கோபுரத்தில் 30 மீற்றர் ஏறும் கேபிள் அதற்கு நல்லதோர் அன்ரெனா. கேபிள்கள் வந்து சேரும் நெற்வேக் சுவிச்சில் சி.ஆர்.சி பிழை (பழுதாகி வந்த தரவு) எண்ணிக்கை ஏறும், இணைப்பு வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து 100 ஆக இறங்கும், சிலவேளை மேலே உள்ள கருவி தானாக அணைந்து எழும்பும். 100 மெகாபிட்டில் மூன்று மட்டங்களே இருப்பதால் அது கூடுதலாகத் தாங்கும். வேலைசெய்பவர்கள் 100இல் பூட்டிவிட்டுப் போவது அதனால்தான். அது ஒட்டுப்போடுவது, திருத்தமல்ல.

முதலில் நோயை அறிய வேண்டும். பிழை எண்ணியைப் பூச்சியமாக்கி, ஒலிபரப்பி பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நேரத்தில் ஒருமுறையும் ஓடும் நேரத்தில் ஒருமுறையும் பாருங்கள். நிறுத்தியதும் பிழை நின்றால் வானலைக் குறுக்கீடு. மழையோடு கூடிக் குறைந்தால் கனெக்ரருக்குள் தண்ணீர்.

இனி நுனிக்கு வருவோம். உள்ளே அலுமினியத் தாளால் கவசமிட்ட வெளிப்புறக் கேபிளை நல்ல காசு கொடுத்து வாங்கி, அதன் நுனியில் பிளாஸ்ரிக் ஆர்.ஜே. 45 கனெக்ரரை மாட்டி, அலுமினியத் தாளோடு ஓடும் வெற்றுக் கம்பியைக் கத்தரித்து எறிந்துவிடுகிறார்கள். அப்போது அது வெறும் விலையுயர்ந்த சாதாரணக் கேபிள். உலோகக் கூடுள்ள கனெக்ரர் வேண்டும். அந்தக் கம்பியையும் தாளையும் வெளியுறைமேல் பின்னால் மடித்து, கனெக்ரரின் உலோக வால் அவற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சிலர் கம்பியை 10 சென்ரிமீற்றர் வாலாக இழுத்து எங்கோ ஆணியில் கட்டுவார்கள். மல்ரிமீற்றர் பூச்சிய ஓம் காட்டும். ஆனால் அந்த வாலின் தூண்டல் ஏறத்தாழ 100 நானோஹென்றி, 100 மெகாஹேர்ட்ஸில் அது 60 ஓமுக்கு மேல் தடை. கவசம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கவசம் மேலே கோபுரத்தோடும், கீழே கேபிள் கோபுரத்தை விட்டு விலகும் இடத்திலும், அறைக்குள் எர்த் பட்டையிலும் தொட வேண்டும். "ஒரு நுனியில் மட்டும் எர்த்" என்ற பழைய பாடம் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கானது, இங்கே அது பொருந்தாது. அதே கேபிளில் மின்னையும் ஏற்றி அனுப்பும் பி.ஓ.ஈ இன்ஜெக்டர் பிளாஸ்ரிக் உடம்புள்ள மலிவானதாக இருந்தால், கவசத் தொடர்ச்சியை நடுவில் அறுத்துவிடும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. செம்புக் கம்பியை நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பில் நேரே முறுக்கினால் அரிப்பு தொடங்கிவிடும். வெள்ளீயம் பூசிய அல்லது துருப்பிடிக்காத உருக்குப் பிடியும், மேலே தானே ஒட்டும் ரப்பர் ரேப்பும் போடுங்கள்.

கேபிள் போகும் பாதை: அன்ரெனாவுக்கு அலையைக் கொண்டுபோகும் எப்.எம் ஊட்டக் கேபிள் இறங்கும் கோபுரக் காலுக்கு எதிர்க் காலில், கோண இரும்பின் உட்புறமாக. குறுக்கே போக நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். மிச்சம் 10 மீற்றரைச் சுருட்டி மேலே தொங்கவிடும் பழக்கம் மிக மோசமானது, வெட்டி எடுங்கள். அலையைத் தடுக்கும் பெரைற் காந்த வளையம் 43 வகை, கருவிக்குப் பக்கத்தில் ஒன்று, சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒன்று. கேபிளை 2 அல்லது 3 சுற்றுச் சுற்றினால் போதும். அதற்கு மேல் சுற்றினால் சுற்றுகளுக்கிடையிலான மின் கொள்ளளவால் எப்.எம் அலை வளையத்தைத் தாண்டிப் போய்விடும்.

புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் செம்புப் பூச்சு அலுமினியக் கேபிளை எப்போதும் தவிர்க்க வேண்டும். பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பி.ஓ.ஈ மின் மேலே போய்ச் சேர்வதற்குள் இளைத்துவிடும்.

புதிதாகப் போடுபவர்கள் ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) போடுவதே மேல். ஆனால் வெளிப்புற ஃபைபர் பலவற்றில் தாங்குவதற்கு உருக்குக் கம்பி இருக்கும், உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். மின் வழங்கும் கம்பியும் அலை பிடிக்கும், அது உலோகப் பெட்டிக்குள் நுழையுமிடத்தில் வடிகட்டி வேண்டும். மத்திய அலை (ஏ.எம்) ஒலிபரப்புக் கோபுரம் என்றால் பேச்சே இல்லை. கோபுரமே அன்ரெனா, செம்புக் கேபிளுக்கு அங்கே வேலையில்லை. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் வரும் இடியைத் தாங்க, செம்புக் கேபிளின் இரு நுனியிலும் மின்னல் தடுப்பானும் 10 ஓமுக்குக் குறைந்த எர்த்தும் தேவை.

ஒலிபரப்பு அன்ரெனாவுக்கு முன்னால் ஏறுமுன் பவரைக் குறைக்கச் சொல்லி நிலையத்திடம் எழுத்தில் உறுதி பெறுவது கட்டாயம்.

மாடிக்குடியிருப்பு நிர்வாகக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். விலைமனுவில் "கவசமுள்ள கேபிள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "உலோகக் கூடுள்ள கனெக்ரர், மேலும் கீழும் கவச எர்த்" என்றும் எழுதுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், ரேப் சுற்றுவதற்கு முன்பு எடுத்த நுனிகளின் படங்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கோபுர வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
கொழும்பு 06